அறுபத்து நான்கில் நின்றது

எவ்வளவு நேரமாகும் என்றாள் எதெல்மிரா.
நாற்பது நிமிடம் என்றேன்.
எல்லோரிடமும் அதுதான் சொல்வது.
ஒரு மணி என்றால் முகம் சுண்டிப்போகும்.
கால் மணி என்றால் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார்கள்.
நாற்பது என்றால்
சரி என்று போய் அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள்.

வைத்தாள். விறகடுப்பின் மேல் கம்பியில்
ஈரக் கையுறைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.
தால்காவே படகுத்துறை, ஜூலை, மழை.
சிலோயே தீவில் மழையை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை,
நின்றால்தான் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

காஸ்த்ரோவிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தேன்,
கட்டைவிரலளவு பென் டிரைவில்
ஒரு முழு இயங்குதளம் சட்டைப்பையில்.
கோப்புகளை முதலில் நகலெடுத்தேன்:
பயணிகள் பட்டியல், கடன் கணக்கு,
யாரோ ஒரு குழந்தை சூப் கிண்ணத்தில் கன்னம் வைத்துத் தூங்கும் படம்.
எல்லாவற்றையும் அழிக்கவா என்றது திரை.
ஆம்.
நிச்சயமாகவா என்றது.
கெட்டதைச் செய்யுமுன் இரண்டு தரம் கேட்கிறது,
எனக்குத் தெரிந்த பலரிடம் இல்லாத மரியாதை.

பன்னிரண்டு நிமிடத்தில் அறுபத்து நான்கு சதவீதம்.
பிறகு அறுபத்து நான்கு.
பிறகும்.
வாலைப் பிடிக்கும் நாய் போல
புள்ளிகள் வட்டமாக ஓடின.
மீதமுள்ள நேரம் ஒன்பது நிமிடம் என்றது,
பதினான்கு என்றது,
யோசித்துவிட்டு இரண்டு என்றது.

வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் நீண்டது.
எரிவாயு உருளையைத் தோளிலிருந்து இறக்காத ஒருவர்,
ஞானஸ்நானக் கேக்கைக் கோட்டுக்குள் பொத்திய பெண்,
கிடாவின் கயிறும் பள்ளிப் பையுமாக ஒரு பையன்.
படகோட்டி கார்க்கமோ தலையை நீட்டினார்:
"பெட்டி எப்போது எழுந்திருக்கும்?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், கிடா உட்பட.
"நீர் வடிகிறது" என்றார் அவர். "அதற்குச் சதவீதம் கிடையாது."

எதெல்மிரா பழைய ஓத அட்டவணைகளை இழுத்து
நாலாகக் கிழித்தாள்.
பின்பக்கம் பெயர், தீவு, தொகை, ஒரு கிறுக்கல்.
கட்டணமெல்லாம் நாக்கிலேயே இருந்தது,
போன மாதம் பாதிதான் கொடுத்தவர் யார் என்பதும்.
கிடாவுக்கு அரை டிக்கெட்.
பத்தொன்பது பேர், ஏழு நிமிடம்.
கயிறு அவிழ்ந்தது, படகு போனது,
நான் அறுபத்து நான்கிலேயே இருந்தேன்.

படகு முனையைத் தாண்டியதும் நூறு.
காரணம் ஏதும் இல்லை, அதற்குத் தோன்றியது.
நீலத் திரை இனிமையாக விசாரித்தது:
எந்த நாடு, என்ன மொழி,
உங்களை எப்படி அழைக்கலாம்?
"பதினொரு வருஷம் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்,
இப்போதுதான் பெயர் கேட்கிறது" என்றாள்.

அச்சுப்பொறியும் அதுவும் ஒன்றையொன்று அடையாளம் காண
ஒரு மணி பத்து நிமிடம்.
இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டியல் வந்தது, கடன் வந்தது,
தூங்கும் குழந்தையும் எழுந்துகொள்ளாமல் வந்து சேர்ந்தது.
நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே
இடது கீழ் மூலையில் சொடுக்கினாள்.
அங்கே ஒன்றுமில்லை.
மறுபடி சொடுக்கினாள், பார்க்காமலே.
டிக்கெட் பொத்தான் இப்போது நடுவில், என்றேன்,
இந்தப் பதிப்பில் அதை நகர்த்த விடமாட்டார்கள்.
தெரிகிறதே என்றாள்.
கை மூலைக்குப் போனது.
"மூன்று வாரமாகும்" என்றேன்.
"எதற்கு?"
"கைக்கு."

ரசீதில் வேலை நேரம் என்ற கட்டத்தில்
நாற்பது நிமிடம் என்றே எழுதினேன்.
கெட்டிலில் தண்ணீர் எப்போதோ வற்றியிருந்தது,
மறுபடி ஊற்றி வைத்தாள்.
காஸ்த்ரோ பேருந்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.
கடிகாரம்
வேறு ஏதோ நாட்டின் நள்ளிரவைக் காட்டிக்கொண்டிருந்தது.